சுற்று நடை போய் கோதுமை வயலில் வழி தொலைந்தது: ஓரமாகப் போனது தப்பா?

சேற்றுச்செருப்பு | ஞாயிறு, இரவு 9.12

போன வாரம் இங்கிலாந்துல சில்டர்ன்ஸ் குன்றுகள் பக்கம் டர்வில் கிராமத்திலிருந்து ஒரு வட்டம் போட்டோம். நான், வீட்டுக்காரர், பசங்க ரெண்டு பேர். மேட்டுல இருக்கிற காற்றாலைக்கு ஏறி, காட்டுக்குள்ள இறங்கி ஃபிங்கெஸ்ட், அங்கிருந்து ஸ்கிர்மெட், அப்புறம் வயல் வழியா திரும்ப டர்வில். காற்றாலை ஏத்தம் மூச்சு வாங்க வெச்சிருச்சு. ஆனா மேல நின்னு திரும்பிப் பார்த்தா கிராமமே உள்ளங்கை அளவுதான், அதுக்கே ஏறலாம். ஃபிங்கெஸ்ட் தேவாலயக் கோபுரத்துக்கு ரெண்டு கூரை, பக்கத்துல பக்கத்துல. சின்னவன் "அம்மா, இது ரெண்டு வீட்டை ஒட்டி வெச்சிருக்காங்க"ன்னான்.

பிரச்சினை கடைசிப் பகுதியில. எந்த வயல்னு சொல்லலை, அந்த விவசாயியை யாரும் அடையாளம் கண்டுபிடிக்க வேண்டாம். வேலியில ஏறித் தாண்டுற மரப்படி, பக்கத்துல கம்பத்துல மஞ்சள் அம்பு. அம்பு வயலுக்குள்ள சாய்வா காட்டுது. எதிர்ல தொடை உயரத்துக்குக் கோதுமை. அதுக்குள்ள ரெண்டு கோடு பளிச்சுன்னு போகுது, பயிரே இல்லாம, ஒரு அடி அகலத்துக்கு. இதுதான் பாதைன்னு நடந்தோம். இருநூறு மீட்டர் போயிருப்போம், கோடு வளைஞ்சு வேலியை ஒட்டி வந்த பக்கமே திரும்புது!

சரி, பயிரை மிதிக்க வேண்டாம்னு வேலி ஓரமா புல்லு மேல சுத்திப் போனோம். நாலு சக்கர பைக்குல ஒருத்தர் வந்து நிறுத்தி, "பாதை அங்கே இருக்கு, இங்கே என்ன பண்றீங்க?"ன்னு கேட்டார். கத்தலை, ஆனா பசங்க முன்னாடி முகம் சுருங்கிப் போச்சு. மரியாதையாத்தானே ஓரமா போனோம்? வயலுக்கு நடுவுல மிதிச்சுக்கிட்டுப் போயிருந்தா என்ன சொல்லியிருப்பாரு?

பக்கத்து_சீட் | ஞாயிறு, இரவு 9.20

நாலு சக்கர பைக்குல வந்ததால தப்பிச்சீங்க. டிராக்டர்ல வந்திருந்தா?

களத்துமேட்டுக்காரி | ஞாயிறு, இரவு 10.05

நான் ஒரு பெரிய தானியப் பண்ணையின் அலுவலகத்தில் ஏழு வருடம் கணக்கு பார்த்தவள். அதனால் அந்தப் பக்கத்து நியாயத்தையும் கொஞ்சம் சொல்கிறேன்.

நீங்கள் நடந்தது பாதையே இல்லை, டிராக்டர் தடம். இங்கே டிராம்லைன் என்பார்கள். உரமும் மருந்தும் போட வருடத்தில் பல தடவை அதே சக்கரம் அதே கோட்டில் போக வேண்டும். அதற்காக விதைக்கும்போதே அந்தக் கோடுகளில் விதை விழாமல் செய்துவிடுவார்கள். அடையாளம் சுலபம். எப்போதும் ஜோடியாக இருக்கும், நடுவில் ஒரு வண்டி அகலம். மருந்து தெளிக்கும் கை எவ்வளவு நீளமோ, 24 மீட்டரோ 36 மீட்டரோ, அந்த இடைவெளியில் அடுத்த ஜோடி வரும். வயலின் கோடியில் வண்டி திரும்ப வேண்டுமே, அதனால் வளையும். நடைபாதை ஒற்றைக் கோடு. வயலுக்குக் குறுக்கே அது பெரும்பாலும் நேராகத்தான் போகும்.

இன்னொன்று. வேலி ஓரம் என்றால் சும்மா கிடக்கிற இடம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பல பண்ணைகளில் அந்த ஓரப் புல்லும் பூச்செடியும் வேண்டுமென்றே விதைத்தவை. சாம்பல் கௌதாரி வேலி அடியில் தரையில்தான் முட்டை இடும். ஜூன் மாதம் நான்கு பேர் அதன் மேல் நடந்தால் அவருக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

பழைய_நடையன் | ஞாயிறு, இரவு 11.31

பிள்ளை, உதில வெக்கப்பட ஒண்டுமில்லை. நாங்கள் இஞ்ச வந்த புதுசில இதையேதான் செய்தனாங்கள். முப்பது வருசமா நடக்கிறன், இண்டைக்கும் சில வயலில நிண்டு யோசிக்கிறது உண்டு.

ஆனா ஒண்டை விளங்கிக்கொள்ள வேணும். இங்கிலாந்திலயும் வேல்சிலயும் பொது நடைபாதை எண்டால் அது சட்டப்படி நெடுஞ்சாலை. அந்தக் காட்டுக்குக் கிட்ட ஓடுற எம்40 பெருந்தெரு எப்படியோ, கோதுமைக்குள்ளால போற உந்த ஒற்றையடிப் பாதையும் அப்படித்தான். நிலம் விவசாயியின்ர, நடக்கிற உரிமை எல்லாருக்கும். ஆனா அந்த உரிமை கோட்டுக்கு மட்டும். கோட்டை விட்டு ஓரமாப் போனால் அதுதான் அத்துமீறல். நீங்கள் மரியாதை எண்டு நினைச்சுச் செய்ததுதான் பிழை, பிழை எண்டு நினைச்சுச் செய்யாமல் விட்டதுதான் உரிமை. விளங்குதே?

அந்தாளுக்கும் கடமை இருக்கு. 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம், 1990இல திருத்தினது. வயலுக்குக் குறுக்கால போற பாதையை உழலாம், ஆனா முதல் உழவில இருந்து 14 நாளுக்குள்ள திரும்பச் சரிசெய்ய வேணும். பிறகு விதைக்கவோ பரம்படிக்கவோ கலைச்சால் 24 மணித்தியாலம்தான். குறைஞ்சது ஒரு மீட்டர் அகலம், பயிர் மூடாமல், பாக்கத் தெரியிற மாதிரி. வயல் ஓரத்துப் பாதையெண்டால் ஒண்டரை மீட்டர், அதை உழவே கூடாது.

நேர்கோடு | திங்கள், காலை 7.48

ஐயா சொன்னதுதான் சரி. நான் இன்னும் ஒரு படி மேலே போவேன். பாதை தெரியவில்லையா? அம்பு காட்டும் பக்கம் நேராக நடங்கள். கோதுமை சாயட்டும். பத்துப் பேர் ஓரமாகப் போனால் பதினோராவது ஆளுக்குப் பாதையே இருக்காது. பாதை நடப்பவர் காலில்தான் உயிரோடு இருக்கிறது. 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் மேட்டில் நூற்றுக்கணக்கானவர்கள் வேண்டுமென்றே அத்துமீறி ஏறி, சிலர் ஜெயிலுக்கே போனார்கள். நாம் இங்கே நம் சொந்த உரிமைக்கு வெட்கப்பட்டுக்கொண்டு வேலியைச் சுற்றுகிறோம்.

களத்துமேட்டுக்காரி | திங்கள், காலை 8.30

நேர்கோடு, கிண்டர் ஸ்கவுட் வேட்டைக்காகப் பூட்டி வைத்திருந்த மேட்டுநிலம். பயிர் வயல் இல்லை. அந்த வீரத்தை இங்கே கோதுமை மேல் காட்ட வேண்டாம்.

பாதை மூடியிருந்தால் நடுவில் போவதற்கு உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மூடியிருந்ததா என்று யாருமே கேட்கவில்லையே? அவர் "பாதை அங்கே இருக்கு" என்று கைகாட்டியிருக்கிறார். அழித்தவன் அப்படிக் காட்டமாட்டான்.

நேர்கோடு | திங்கள், காலை 8.41

எல்லோரும் கை காட்டுவார்கள். நான் பார்த்த அளவில் கை காட்டும் இடத்தில் முள்கம்பியும் இருக்கும்.

பழைய_நடையன் | திங்கள், காலை 9.15

ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ. பாதை அடைபட்டுக் கிடந்தால் அந்தத் தடையைச் சுற்றி, அதே ஆளின்ர காணிக்குள்ளால, கொஞ்சம் விலகிப் போறதுக்கும் நடக்கிறவருக்கு இடமிருக்கு. ஆகவே தங்கச்சி செய்தது சரியா பிழையா எண்டது ஒரே ஒரு கேள்வியில நிக்குது: பாதை இருந்ததா, இல்லையா?

பிள்ளை, கடப்பில நிண்டு படம் ஏதும் எடுத்தனீங்களே?

பக்கத்து_சீட் | திங்கள், காலை 9.17

கடப்பா? கடப்பாரையா?

பழைய_நடையன் | திங்கள், காலை 9.40

கடப்பு தம்பி. வேலியில மனுசர் மட்டும் ஏறிக் கடக்கிறதுக்கு விடுற இடம். ஆடுமாடு வராது. எங்கட பக்கம் வேலியில படலை ஒண்டு, கடப்பு ஒண்டு இருக்கும். இஞ்ச வெள்ளைக்காரன் ஸ்டைல் எண்டு சொல்லிறதும் அதைத்தான். நீங்களெல்லாம் "ஸ்டைல்ல ஏறினேன்" எண்டு எழுத, ஆரோ நடிகர் மாதிரி ஏறினது எண்டுதான் நினைக்கிறன்.

பக்கத்து_சீட் | திங்கள், காலை 9.44

ஐயா, நான் ஏறினா அந்த ஸ்டைலும் சேர்த்துத்தான் வரும். அப்ப அரைவட்டக் கூண்டுக்குள்ள ஒத்தைக் கதவு முன்னும் பின்னும் ஆடுமே, ஒருத்தர் ஒருத்தராத்தான் போக முடியும், அந்த முத்தக் கதவுக்கு என்ன பேரு?

பழைய_நடையன் | திங்கள், காலை 9.52

அதுக்கு எங்களிட்டப் பேர் இல்லை. நீர் சொன்னதே இருக்கட்டும்.

சேற்றுச்செருப்பு | திங்கள், மதியம் 1.05

ஐயா, படம் இருக்கு. பெரியவள் அந்த மரப்படி மேல உட்கார்ந்திருக்கிற படம். பின்னாடி வயல். மதிய சாப்பாட்டு நேரத்துல பெருசு பண்ணிப் பார்த்தேன்.

கொஞ்சம் அசிங்கமாத்தான் இருக்கு சொல்ல. டிராக்டர் தடம் ரெண்டும் முன்னாடி கருப்பா பளிச்சுன்னு தெரியுது. அதுக்கு இடது பக்கம், அம்பு காட்டுற சாய்வுல, கோதுமைக்கு நடுவுல மயிர் வகிடு மாதிரி ஒரு கோடு. ரெண்டு பக்கத்துக் கதிரும் அதும்மேல சாய்ஞ்சு கிடக்கு. முந்தின நாள் ராத்திரி முழுக்க மழை. தூரத்துல, வயல் மேடு ஏறுற இடத்துல, அந்தக் கோடு நல்லாவே தெரியுது. கீழ நின்ன எங்களுக்குத்தான் தெரியலை. அவர் கைகாட்டினப்பவும் நான் திரும்பியே பார்க்கலை, அவர் முகத்தையே பார்த்துக்கிட்டு "சாரி சாரி"ன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்.

களத்துமேட்டுக்காரி | திங்கள், மதியம் 1.22

நினைத்தேன். பயிர் சின்னதாக இருக்கும்போதே அந்தக் கோட்டில் களைக்கொல்லி அடித்து வகிடு எடுத்து விடுவார்கள். ஜூனில் உயரம் வந்து, கதிர் கனத்து, மழையும் பெய்தால் இரண்டு பக்கமும் அதன் மேல் கவிழும். சட்டம் ஒரு மீட்டர் கேட்கிறது. கவிழ்ந்த பிறகு ஒரு மீட்டர் இருக்குமா என்றால் இருக்காது, அதை ஒத்துக்கொள்கிறேன். இன்னும் அகலமாக அடித்திருக்க வேண்டும்.

நேர்கோடு | திங்கள், மதியம் 1.30

கடைசி வாக்கியத்தைச் சேமித்து வைத்துக்கொண்டேன்.

வாலாட்டி | திங்கள், மாலை 6.10

நடுவுல ஒரு சந்தேகம். கோதுமை பரவாயில்லை, துரத்தாது. நாங்க வேற ஒரு வட்டத்துல மேய்ச்சல் நிலத்துக்குள்ள போனோம், நாயோட. பத்துப் பதினஞ்சு இளம் மாடு மொத்தமா ஓடி வந்துச்சு. நாய்ச் சங்கிலியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடினேன். பொதுப் பாதை போற வயல்ல மாடு விடலாமா? காளை கூட விடலாமாமே?

பழைய_நடையன் | திங்கள், மாலை 6.55

தம்பி, நீர் செய்ததில ரெண்டு பிழை. ஓடினது ஒண்டு, சங்கிலியை விடாதது ஒண்டு. மாடுகள் வாறது நாயைத் தேடி. விட்டுவிடும், அது உம்மை விட வேகமா ஓடித் தப்பும். நீர் ஓடாமல், மாட்டைக் குறுக்கால பிரிக்காமல், வேலிப் பக்கமா நடந்து போம். கன்றோட நிக்கிற பசுவுக்கும் கன்றுக்கும் நடுவால மட்டும் போகவே கூடாது. சிலர் செத்தே போயிருக்கினம். அப்படியான இடத்தில கோட்டை விட்டு விலகிச் சுத்திப் போம், ஒருத்தரும் சட்டம் கதைக்க மாட்டினம்.

காளை: 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து மாசத்துக்கு மேற்பட்ட பால்மாட்டு இனக் காளையைப் பொதுப் பாதை போற வயலில விடக் கூடாது. ஃப்ரீசியன், ஜெர்சி, குவர்ன்சி, அயர்ஷயர் மாதிரி ஏழு இனம். இறைச்சி இனக் காளையெண்டால் பசுவோ கிடாரியோ கூட நிண்டால் விடலாம். பால் இனம்தான் கூடுதலாப் பாயும், அதாலதான் இந்த வித்தியாசம்.

பக்கத்து_சீட் | திங்கள், மாலை 7.02

பாய வர்ற நேரத்துல "ஐயா நீங்க எந்த இனம்?"னு கேட்கணுமா?

இலைச்சருகு | திங்கள், இரவு 8.47

வயலைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். எனக்கு அந்த வட்டத்தில் காடுதான். சில்டர்ன்ஸ் காடு என்றால் பெரும்பாலும் பீச் மரம். மேலே கூரை போட்ட மாதிரி இலை, கீழே புதரே கிடையாது, சருகு மட்டும். விக்கம் நகரத்து நாற்காலித் தொழிலுக்காக வளர்த்தவை. பாட்ஜர் என்று அழைக்கப்பட்ட கடைசல்காரர்கள் காட்டுக்குள்ளேயே குடிசை போட்டு, பச்சை மரத்தில் நாற்காலிக் கால் கடைந்து கீழே அனுப்பினார்கள்.

புதர் இல்லாததால் வரும் தொல்லை என்னவென்றால், எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம் போலவே இருக்கும், எல்லாமே பாதை மாதிரி தெரியும். அதனால்தான் அங்கே மரத்திலேயே வெள்ளை அம்பு வரைந்து வைத்திருக்கிறார்கள். சில்டர்ன் சொசைட்டி தொண்டர்கள் செய்கிற வேலை. ஒரு அம்பைத் தாண்டினால் அடுத்தது கண்ணில் படும்வரை பழைய அம்பை மறக்காதீர்கள். நூறு அடியில் அடுத்தது தெரியாவிட்டால் திரும்பிப் போய் மறுபடி பாருங்கள். காட்டில் நான் வழி தொலைத்ததெல்லாம் "கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம்" என்றதில்தான்.

சேறு பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளத்தில் சேறு, மேட்டில் காய்ந்த தரை என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். இங்கே தலைகீழ். பள்ளத்தாக்கு சுண்ணாம்புப் பாறை, தண்ணீரை உறிஞ்சிவிடும். மேட்டின் உச்சியில்தான் சிக்கிமுக்கிக் கல் கலந்த களிமண். டிசம்பரில் போய்ப் பாருங்கள், மேலே பூட்ஸ் ஒரு கிலோ கனக்கும், கீழே இறங்கினால் சுத்தம். இறங்கும் சரிவில் மட்டும் நனைந்த சுண்ணாம்பு சோப்புக்கட்டி மாதிரி, ஜாக்கிரதை.

சேற்றுச்செருப்பு | திங்கள், இரவு 9.30

என் பேருக்கு இப்பத்தான் அர்த்தம் கிடைச்சுது. காட்டுல பருந்து ஒண்ணு ரொம்பத் தாழ்வா பறந்துச்சு, வால் நடுவுல பிளந்து. நம்ம செம்பருந்தா?

இலைச்சருகு | திங்கள், இரவு 9.44

இல்லை, செம்பருந்துக்கு வால் உருண்டை. இது ரெட் கைட். இங்கிலாந்திலிருந்து அழிந்தே போய், 1989 முதல் சில வருடங்கள் ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து சில்டர்ன்ஸில் விட்டார்கள். இப்போது காக்கை மாதிரி சாதாரணம்.

பழைய_நடையன் | செவ்வாய், காலை 6.35

பிள்ளை, திரும்பப் போகப் போறீங்களெண்டால் ஒரு வேலை செய்யுங்கோ. ஆர்ட்னன்ஸ் சர்வேயின்ர எக்ஸ்ப்ளோரர் 171 எண்ட வரைபடத்தை வாங்குங்கோ, இல்லாட்டில் ஃபோனில இறக்கி வையுங்கோ. பள்ளத்தில சிக்னல் இராது. ஒரு கிலோமீட்டர் நாலு சென்டிமீட்டர். அந்த அளவுப் படத்திலதான் வயல் வேலி எல்லாம் கீறியிருக்கும். 50,000 அளவுப் படத்தில வேலி இல்லை, வயலுக்கு உதவாது. பாதையைக் காட்டுற பச்சைக் கோடு வேலிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா எண்டு பாக்கிறதுதான் பாதி வேலை.

மற்றது, கடப்பில ஏறி நிண்டு, முதுகு கம்பத்தில படுற மாதிரி நில்லுங்கோ. அம்பு எங்க காட்டுதோ அந்த நேரில தூரத்தில ஒரு மரத்தைப் பிடியுங்கோ. பிறகு கீழ பாக்காமல் மரத்தைப் பாத்து நடவுங்கோ. இறங்கினால் ஒண்டும் தெரியாது, மேல நிக்கேக்கதான் தெரியும்.

ஏன் வயலுக்குக் குறுக்கால போகுது எண்டு பிள்ளையள் கேட்டால், உதில கனக்கப் பாதை வேலியை விடப் பழசு எண்டு சொல்லுங்கோ. சனம் ஆலைக்கும் தேவாலயத்துக்கும் வேலைக்கும் நேரா நடந்தது முதல். வேலி பிறகு வந்தது.

சேற்றுச்செருப்பு | ஞாயிறு, இரவு 8.20

இன்னைக்குத் திரும்பப் போய்ட்டு வந்துட்டோம். ஐயா சொன்ன மாதிரி முதுகை ஒட்டி நின்னேன். எதிர்ல ஒரு ஓக் மரம், பாதி பட்டுப்போனது. அதையே பார்த்து நடன்னு பெரியவளை முன்னாடி விட்டேன்.

நாலே எட்டுல காலுக்குக் கீழ மண் கெட்டியா தட்டுப்பட்டுச்சு. கண்ணுக்குத் தெரியலை, செருப்புக்குத் தெரியுது. ரெண்டு பக்கமும் பொத்துப் பொத்துன்னு மண், நடுவுல காலடி பட்டு இறுகினது, அதும்மேல காய்ஞ்ச பழைய கோதுமைத் தாள். ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா, கதிரைக் கையால விலக்கிக்கிட்டே போனோம். ராத்திரி மழைத்தண்ணி முழுக்க எங்க பேன்ட்லதான். சின்னவனுக்குக் கதிர் மூக்கு வரைக்கும், தும்மிக்கிட்டே வந்தான். மேடு ஏறித் திரும்பிப் பார்த்தா, எங்களுக்குப் பின்னாடி வகிடு தெளிவா எடுத்திருக்கு.

அவரு பக்கத்து வயல்ல இருந்தார். எங்களைப் பார்த்தாரான்னு தெரியலை.

ஒண்ணு மட்டும். அந்த வயலோட மறுகோடியில இருக்கிற கடப்புல (சொல்லிட்டேன் பாருங்க) கீழ்ப் பலகை ஒரு பக்கம் கழண்டு ஆடுது. பெரியவள் கால் வெச்சதும் சாய்ஞ்சு முழங்காலைச் சிராய்ச்சுக்கிட்டா. இதை யாருகிட்ட சொல்றது?

நேர்கோடு | ஞாயிறு, இரவு 8.26

கவுன்சிலின் இணையதளத்தில் பாதைப் பகுதி இருக்கும். படத்தோடு அனுப்புங்கள், இன்றே.

களத்துமேட்டுக்காரி | ஞாயிறு, இரவு 8.50

கவுன்சிலுக்கு அனுப்புங்கள், தப்பில்லை. ஆனால் கடப்பைப் பழுது பார்ப்பது நிலத்துக்காரர் பொறுப்பு, கவுன்சில் செலவில் குறைந்தது கால் பங்கு தர வேண்டும். அந்த மனிதர் பக்கத்து வயலில்தானே இருந்தார்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சுத்தியலோடு வந்திருப்பார்.

சேற்றுச்செருப்பு | ஞாயிறு, இரவு 8.58

மறுபடியும் அவர்கிட்டயா!

பழைய_நடையன் | ஞாயிறு, இரவு 9.10

போங்கோ பிள்ளை. இந்த முறை பாதையிலதானே நிண்டனீங்கள்.